பதினொன்று நாற்பதுக்கு வந்த பல்லி

வாலில் முள் இல்லை. எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் இல்லை. அமலோற்பவம் ஃபார்மலின் கேனைத் தரையில் வைத்துவிட்டு, வலது கைக் கையுறையை மட்டும் உருவிப் போட்டு, போன் திரையில் இரண்டு விரலை வைத்து அந்த வாலை மறுபடியும் விரித்தாள். வீட்டுப் பல்லி என்றால் வாலைச் சுற்றி வளையம் வளையமாகச் சின்ன முள் இருக்க வேண்டும். இருபது வருடமாகக் கல்லூரி விலங்கியல் மியூசியத்தில் அட்டெண்டர் வேலை பார்க்கிறவளுக்கு அது தெரியாதா, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இதில் இல்லை. அடியில் கொஞ்சம் தடித்து, ஊறவைத்த புளியங்கொட்டை போல வழவழவென்று இருந்தது. ஆகவே இது வீட்டுப் பல்லி இல்லை. வீட்டுப் பல்லி இல்லையென்றால் பாறைப் பல்லி. பாறைப் பல்லி என்றால் கூகைக்கரடு என்கிற குன்று. கூகைக்கரடு என்றால் தம்பி பிரகாசு அங்கே இருக்கிறான், இல்லை, இருந்தான், இருபத்திரண்டு நாளுக்கு முன்னால் பகல் பதினொன்று நாற்பதுக்கு அந்தக் கரட்டில் ஏதோ ஒரு பாறைக்கு முன்னால் உயிரோடு நின்று, கையைத் தூக்கி இந்தப் படத்தை எடுத்து அக்காவுக்கு அனுப்பினான். இந்த வழியில் அவள் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது போய்ப் போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அவன் உயிரோடுதான் நின்றான், ஒவ்வொரு தடவையும் அது அடுத்த நிமிடமே கலைந்துபோனது. பரீட்சையெல்லாம் முடிந்து கல்லூரி வெறிச்சோடிக் கிடக்கும் ஏப்ரல் மாதத்தில் ஜாடிகளுக்கு ஃபார்மலின் ஊற்றி நிரப்புவது வருடாந்திர வேலை. பாம்பு, தவளை, ஓணான், பிறக்காத ஆட்டுக்குட்டி ஒன்று, எல்லாம் சுவரோரம் வரிசையாக நிற்கும். கண் எரியும், மூக்கு ஒழுகும், இவள் அழுகிறாளா வேலை செய்கிறாளா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது; அந்த வகையில் இந்த மாதம் இந்த வேலை அவளுக்கு வசதியாகத்தான் அமைந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் பல்லி ஆராய்ச்சியாளர் முனைவர் தணிகைவேலன், படங்களைப் பார்த்துவிட்டு இன்று மதியத்துக்குள் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். மணி இரண்டு ஐந்து. மதியம் என்பது அவருக்கு எத்தனை மணி வரைக்கும் மதியமோ.

பிரகாசுக்கு முப்பத்தேழு வயது. அவளைவிட ஏழு வயது இளையவன். அம்மா அப்பா போன பிறகு அந்த ஒற்றை அறை வீட்டில் அவளும் அவனும்தான். அவளுக்குக் கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒரு நாள் அந்தப் பேச்சே நின்றுபோனது, அவனுக்குத் தலைக்குள் யார் யாரோ பேச ஆரம்பித்து அதுவும் நிற்காமல் போனது. மாத்திரை சாப்பிட்டால் தங்கம். சாப்பிடாத வாரங்களில் கோபம் வரும், கோபம் வந்தால் வீட்டை விட்டுப் போய்விடுவான். பஸ் ஸ்டாண்டு, கோயில் வளாகம், லாரி செட்டு, எங்கேயாவது ஒரு சுவரோரம் உட்கார்ந்திருப்பான். கொஞ்ச நேரம் கழித்து அவள் போனில் ஒரு பல்லிப் படம் வரும். வார்த்தை ஒன்றும் இருக்காது, வெறும் பல்லி. டீக்கடை டியூப் லைட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது, கட்டணக் கழிப்பிடத்துச் சுவரில் இருப்பது, ஒரு தடவை மாதா சொரூபத்தின் கையிலேயே உட்கார்ந்திருந்தது. அவள் உடனே பதில் எழுதுவாள்: வீட்டுப் பல்லி. அவ்வளவுதான். அது வந்துவிட்டால் அரை மணியில் ஆள் வாசலில் நிற்பான், தட்டைப் போட்டுச் சோறு வைப்பாள், எதைப் பற்றியும் பேச்சு கிடையாது. அவளுக்கு இன்னும் ஆத்திரம் தீராத நாளில் பதில் எழுத மாட்டாள். அவனும் அங்கேயே உட்கார்ந்து இன்னொரு பல்லியைத் தேடிப் பிடித்து அனுப்புவான். அவள் பல்லியின் பெயரைச் சொல்லாமல் அவன் வந்ததில்லை, சொல்லி அவன் வராமலும் இருந்ததில்லை. இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதாக எட்டு வருடத்தில் இருவரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, சொன்னால் இருவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும். போன டிசம்பரில் போனவன்தான் முதல் முறையாகப் பல்லி அனுப்பாமல் இருந்தான். ஒரு நாள், ஒரு வாரம், பொங்கல், சாம்பல் புதன், ஒன்றும் வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். பிறகு மார்ச்சில், செய்முறைத் தேர்வு அன்று, இது வந்தது. தேர்வு என்றால் எல்லோர் போனையும் ஒரு துணிப்பையில் வாங்கித் துறைத்தலைவர் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், அட்டெண்டரும் விதிவிலக்கல்ல. மாலை ஐந்து பத்துக்கு வாங்கித் திறந்தால் பதினொன்று நாற்பதுக்கு வந்த பல்லி. அப்படியே படியில் உட்கார்ந்தாள். எங்கடா இருக்க என்று எழுதினாள். சாப்பிட்டியா என்று எழுதினாள். அக்கா வர்றேன் எடத்தச் சொல்லு என்று எழுதினாள். பதினொரு செய்தி, ஒவ்வொன்றுக்கும் ஒற்றை டிக். கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பெண்குரல் சொன்னது. வீட்டுப் பல்லி என்று மட்டும் அவள் எழுதவில்லை. எப்படி எழுதுவது, அதுதான் வீட்டுப் பல்லி இல்லையே, வாலில் முள் இல்லையே.

குழாய் சொட்டியது. போய் இறுக்கினாள், வாஷர் தேய்ந்த குழாய், இறுக்கினாலும் சொட்டும். ஆறடிச் சாரைப்பாம்பு இருந்த ஜாடியைத் திறந்து மெதுவாக ஊற்றினாள், உள்ளே சுருள் கொஞ்சம் அசைந்து நின்றது. அந்தப் படம் அவளுக்கு இப்போது மனப்பாடம். சாம்பல் நிறக் கல்லில் பல்லி படுத்திருக்கிறது. கல்லில் மழைத்தண்ணீர் ஓடி ஓடி அரித்த நாலு வரி, பக்கத்தில் பக்கத்தில். ஒரு மூலையில் பழுப்பாக மரத்தூர் போல ஏதோ. அதை ஒட்டி மங்கலாக ஒரு மஞ்சள், ஆவாரம்பூவாக இருக்கும், கரட்டுப் பக்கமெல்லாம் ஆவாரம்தானே. முதல் வாரம் இது எந்தக் கல் என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் பல்லியைப் பிடித்தால் இடத்தைப் பிடிக்கலாம் என்று தோன்றியது. படத்தைப் பார்த்து ஊர்வன பெயர் சொல்லும் குழு ஒன்று போனில் இருந்தது, அதில் சேர்ந்தாள். அங்கே ஏகப்பட்ட விதி. விரல் தனியாகத் தெரிய வேண்டும், வால் தனியாக, தாடை தனியாக, கூட எடுத்த இடம் கட்டாயம். அவள் உட்கார்ந்து படத்தை வெட்டினாள். முன்னங்கால் ஒரு துண்டு, பின்னங்கால் ஒரு துண்டு, வால் ஒரு துண்டு. இடத்துக்குத்தான் எங்கே போவது. தம்பியைக் காணோம், அவன் எங்கே என்று இந்தப் பல்லியிடம்தான் கேட்க வேண்டும் என்று முன்பின் தெரியாத நானூறு பேருக்கு முன்னால் எழுத முடியுமா. எங்கள் மாணவர் ஒருவர் எடுத்தது, இடம் ஞாபகமில்லையாம் என்று எழுதினாள். ஊர் தெரியாத பல்லிக்கு ஜாதகம் கணிக்க முடியாது என்று ஒருவன் போட்டான், அதற்கு இருபது பேர் சிரித்தார்கள். அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் விடவில்லை. லைப்ரரியில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை கிடைத்தது, பதினாலு பக்கம், அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தாள். கூகைக்கரட்டில் மட்டும் காணப்படுகிற பாறைப் பல்லி, வாலில் முள் வரிசை கிடையாது. அந்த வரியைப் படித்ததும் லைப்ரரியில் உட்கார்ந்தபடியே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய இடம். ஒரு மஞ்சப்பை தயாராகிவிட்டது. அவனுடைய சட்டை இரண்டு, மாத்திரை, பிஸ்கட், ஒரு துண்டு. விடுப்பு விண்ணப்பமும் எழுதிப் பையில் இருக்கிறது, தேதிதான் போட வேண்டும். தணிகைவேலன் ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் திங்கட்கிழமை முதல் பஸ். அங்கே போய்? அங்கே கல் உடைத்துவிட்டுப் போன பள்ளங்கள் இருக்கும், மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையாக. அவனுக்கு நீச்சல் தெரியாது. வெயிலில் அவனுக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றாது, யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் குடிப்பான். பல்லி மட்டும் அங்கேயே இருக்கும், ஆள் இருக்க மாட்டான், பள்ளத்தோரம் செருப்பு மட்டும். வேண்டாம். போலீஸ்காரர் ஒருத்தர், படம் வந்த அன்னிக்கு அந்த நம்பர் நம்ம திண்டுக்கல் டவர்லதாம்மா காட்டுது என்றார். சும்மா உட்கார்ந்த இடத்தில் சொன்னது. தேட மனமில்லாதவன் எல்லாவற்றையும் பக்கத்திலேயே இருப்பதாகத்தான் சொல்வான்.

டிசம்பர் என்று நினைத்தாலே கத்தியிலிருந்துதான் தொடங்குகிறது, அதற்கு முன்னால் இருந்த பண்டிகையும் கேக்கும் பூசையும் எங்கே போயினவோ தெரியவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் காலை. காகித நட்சத்திரம் இன்னும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் இருக்கும், அவளுக்குத் தெரியாமல் துப்பியிருக்கிறான். அவள் காப்பி டம்ளரோடு அறைக்குள் வந்தாள். டிவி கேபிள் வயரைக் காய்கறிக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தான், பொறுமையாக, துண்டு துண்டாக, பக்கத்து வீட்டுத் தையல்காரி ரெஜினா துணி வெட்டுகிற மாதிரி அளந்து. இந்த வயர் வழியாத்தான் கேக்குறாங்க என்று முணுமுணுத்தான். பிறகு அவளைப் பார்த்துத் திரும்பினான். ஏதோ சொல்லத்தான் திரும்பினான், அவ்வளவுதான், கையில் கத்தி இருந்தது அவனுக்கே நினைவில்லை. அவள் பின்னால் நகர்ந்தாள். ஒரே ஓர் அடி. வலது கால். கிரைண்டரில் இடுப்பு இடித்து, காப்பி சிந்தி, டம்ளர் உருண்டது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் காலைப் பார்த்தான். நகர்ந்துபோன அந்தக் காலை ரொம்ப நேரம் பார்த்தான்.

"என்னையப் பாத்தா பயப்படுறக்கா?"

இல்லடா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். இரண்டு சொல்கூட இல்லை. அவள் வாய் திறக்கவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று யாரும் சொல்லலாம், அவளே அதைத் தனக்குப் பல முறை சொல்லிக்கொண்டாள், கத்தி வைத்திருக்கிறவன் முன்னால் யாருக்கும் கால் நகரத்தான் செய்யும். ஆனால் அது யாரோ இல்லையே. அவன் சமையல் மேடைக்குப் போய்க் கத்தியைக் கழுவினான், துடைத்தான், அது இருக்கிற இடத்தில் செருகினான், குழாயை மூடினான், எப்போதும் போல முழுதாக மூடவில்லை, நட்சத்திரம் தலையில் இடிக்காமல் குனிந்து வெளியே போனான். சாவி அவன் அரைஞாண் கயிற்றில் இருந்தது. அந்தச் சாவிதான் பிறகு அவளைத் தூங்கவிடாமல் செய்தது. எப்போது வேண்டுமானாலும் திறந்துகொண்டு வரலாம். ரெஜினா, ஒத்தப் பொம்பள, பூட்டை மாத்திருங்கக்கா, அவன் வந்தா எங்க வீட்டுக்கு வந்து கேக்கட்டும், நான் சாவி தர்றேன் என்றாள். நல்ல மனசில்தான் சொன்னாள். ஜனவரியில் ஆள் வந்து பழைய கொண்டியைப் பிடுங்கினான், நிலையை ஒட்டிய பூச்சு பெயர்ந்து வந்தது, சிமெண்டைக் குழைத்து அப்பிப் புதுக் கொண்டி வைத்துக் கொடுத்தான். பெயின்ட்டை அப்புறமா அடிச்சுக்கங்க என்றான். இன்னும் அடிக்கவில்லை. புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம், ஒன்று ரெஜினாவிடம். ரெஜினா வீட்டில் போய்க் கேள் என்று அவனுக்கு யார் சொல்வது என்பதை அன்றைக்கு இருவருமே யோசிக்கவில்லை. பூட்டிவிட்டு முதல் நாள் அவள் நன்றாகத் தூங்கினாள். எத்தனை நல்ல தூக்கம் அது.

அடுத்த ஜாடி நூற்றுப் பன்னிரண்டு. மூடியில் தடவிய வாஸ்லைன் இறுகிப்போய்த் திறக்க வரவில்லை, துணியைச் சுற்றித் திருகினாள். உள்ளே பல்லி ஒன்று, வருடக்கணக்காக ஊறி வெளுத்துப் பழைய மெழுகுவர்த்தி நிறத்தில் கையை விரித்துக்கொண்டிருந்தது. மியூசியத்துப் பல்லிக்கெல்லாம் நிறமே கிடையாது, எல்லாம் ஒரே வெளுப்பு, வாலையும் விரலையும் வைத்துத்தான் ஆள் கண்டுபிடிக்க வேண்டும், அவள் படித்த படிப்பு அதுதான். இந்த ஜாடியை முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஆசிரியர் சொல்வதை ஒவ்வொரு வருடமும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். ஆசிரியர் வராத நாளில் அவளே சொல்லியும் இருக்கிறாள். லேபிளைப் படிக்காமல் மளமளவென்று ஊற்றி, மூடி, நகர்த்தி வைத்தாள். அடுத்தது நூற்றுப் பதின்மூன்று. மணி இரண்டு ஐம்பது. ஒருவேளை அவர் இல்லை என்று சொல்லிவிட்டால். எப்படிச் சொல்வார். ஆமாம் என்றே சொல்லட்டும். ஆமாம் என்றால் அவன் கரட்டில் இருக்கிறான். இருக்கிறான் என்றால் போய்ப் பார்க்கலாம், தூரத்தில் நின்று பார்த்தாலும் போதும், ஏதாவது ஆசிரமம், சிஸ்டர்கள் நடத்துகிற இல்லம் அந்தப் பக்கம் இருக்கும், அங்கே சேர்த்துவிட்டு மாதம் ஒரு முறை பழம் வாங்கிக்கொண்டு போகலாம், அவன் நன்றாக இருப்பான், அவளும். இந்த இடத்தில் வழக்கமாக நினைப்பு முட்டி நிற்கும். இன்றும் நின்றது. கையில் கேனைப் பிடித்தபடி நின்றாள். இந்த நினைப்பில் எங்கேயும் வீடு இல்லை. கரடு இருக்கிறது, ஆசிரமம் இருக்கிறது, பழம் இருக்கிறது, அவன் வாசலில் வந்து நிற்பதும் அவள் தட்டு எடுத்து வைப்பதும் மட்டும் இல்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிய வேண்டும், ஆனால் அங்கேயே இருக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை தூரத்துக் கரடா, மூன்று பஸ் மாறிப் போகிற கரடா? சீ என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஃபார்மலின்தான் என்று முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மூன்று இருபதுக்குப் போன் அதிர்ந்தது. தணிகைவேலனின் குரல் பதிவு. மற்றக் கையுறையையும் கழற்றிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்து, அதற்கப்புறம்தான் தொட்டாள். கெட்டது எதுவானாலும் சுத்தமான கையோடு கேட்க வேண்டும் போலிருந்தது. நல்ல மனிதர், நிதானமான குரல். நீங்கள் துண்டு துண்டாக வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள், வெட்டாத முழுப் படம் இருந்தால் அனுப்புங்கள், எனக்கு ஒரு சந்தேகம் என்றார். என்ன சந்தேகம் என்று சொல்லவில்லை. முழுப் படத்தை இதுவரை அவள் ஒருவருக்கும் அனுப்பியதில்லை. ஏனோ அனுப்பத் தோன்றவில்லை, அது தனக்கு வந்த கடிதம் மாதிரி. அனுப்பினாள். இரண்டு நீல டிக். பார்த்துவிட்டார். அவர் தட்டச்சு செய்வதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று சொல்ல இத்தனை நேரமா. மூன்று நாற்பதுக்கு இரண்டாவது குரல் பதிவு வந்தது. ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி. அதை அவள் போனைக் காதில் ஒட்டிவைத்துக்கொண்டு கேட்டாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது சாதாரண வீட்டுப் பல்லிங்க. வால் ஒருக்கா விழுந்து திரும்ப முளைச்சிருக்குது, முளைச்ச வால்ல முள்ளு வராதுங்கல்ல, உங்க மியூசியத்துலயே ஒண்ணு இருக்கும் பாருங்க. அப்புறம் இது பாறையும் இல்லீங்க. போனைச் சாய்ச்சுப் புடிச்சு எடுத்திருக்காங்க. நீங்க படத்த ஒரு திருப்புத் திருப்பிப் பாருங்க, செவுருங்க அது. புதுசா சிமெண்ட்டு அப்புன செவுரு, கொத்தனார் விரல் பட்ட நாலு தடம்கூடத் தெரியுது. ஓரத்துல கதவு நெலை, அந்த மஞ்சளா இருக்கறது பித்தளைப் பூட்டுங்க. பூட்டுன வீட்டுக்கு வெளிய நின்னு எடுத்த படம். உங்க ஸ்டூடண்ட்டு யாரோ விளையாடியிருக்காப்புல, நேர்ல பாத்தா ரெண்டு போடுங்க."

அவர் சிரிப்போடு முடித்தார். அவள் படத்தைத் திருப்பினாள். பல்லி எழுந்து நின்றது. கல் சுவரானது, மரத்தூர் நிலையானது, ஆவாரம்பூ பூட்டானது, மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் அவள் கை தொடுகிற பூட்டு. அந்த நாலு வரி, மழை அரித்த நாலு வரி. ஆள் சிமெண்டை அப்பிவிட்டு விரலால் இழுத்துவிட்டதை அவளே பக்கத்தில் நின்று பார்த்தாள், ஏம்ப்பா கரண்டியால தேயேன் என்றுகூடச் சொன்னாள். பூட்டைத் திறக்கிறவள் சாவித்துவாரத்தைத்தான் பார்க்கிறாள், சுவரை எங்கே பார்க்கிறாள். அப்படியானால் அவன் வந்திருக்கிறான். ஜனவரியில் பூசிய சுவர், மார்ச்சில் வந்த படம். வந்திருக்கிறான். வந்தான் என்று தெரிந்த அந்த நொடியில் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. வலது கால் பின்னால் போனது. அலமாரியில் குதிகால் இடித்து, ஜாடிகள் ஒன்றோடொன்று மெல்ல உரசிச் சத்தம் கேட்டது. யாருமில்லாத அறையில், ஒரு படத்துக்கு முன்னால், அவள் கால் ஓர் அடி நகர்ந்துவிட்டிருந்தது. அந்தக் காலை அவள் குனிந்து பார்த்தாள். அவன் பார்த்த மாதிரியே ரொம்ப நேரம் பார்த்தாள்.

அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை எடுத்திருப்பான். போட்டுப் பார்த்திருப்பான், நுழைந்திருக்காது, திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பான், தன்மேல்தான் சந்தேகப்பட்டிருப்பான், அவன் எப்போதும் தன்மேல்தான் முதலில் சந்தேகப்படுவான், இது நம் வீடுதானா என்று. அப்புறம் புதுச் சிமெண்டைப் பார்த்திருப்பான். புதுக் கொண்டி. அப்போது புரிந்திருக்கும். அவனுக்குப் புரியாமல் போகாது, தலைக்குள் எத்தனை பேர் பேசினாலும் அக்காவை அவனுக்குப் புரியும். புரிந்த பிறகும் அவன் போகவில்லை. நிலையோரம் பல்லி உட்கார்ந்திருந்தது. போனை எடுத்தான். நான் வாசலில் நிற்கிறேன், வரலாமா, பயமாக இருந்தால் வரவில்லை, இதெல்லாம் சொல்ல அவனுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டான். பதினொன்று நாற்பது. அந்த நேரத்தில் அவள் மேசை மேசையாகக் கரப்பான் தட்டு கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தாள், போன் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. ரெஜினா புதன்கிழமை புதன்கிழமை நூல் வாங்கப் போய்விடுவாள், அன்றைக்குப் புதன். எத்தனை நேரம் நின்றானோ. வாசல் குழாயில் தண்ணீர் குடித்திருக்கிறான். அன்று சாயங்காலம் அவள் வந்தபோது வாளி நிரம்பி வழிந்து படியெல்லாம் ஈரம், குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, தண்ணீரை நாலு நாளைக்கு ஒரு தடவைதான் விடுகிறான் இப்படித் திறந்து போட்டிருக்கிறீர்களே என்று ரெஜினா பிள்ளைகளை அவள் திட்டினாள். நாங்க இல்ல அத்தை என்று அதுகள் சத்தியம் செய்தன. அந்தக் குழாயை அவளே மூடினாள். இத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள், போலீஸ்காரர் சொன்னார், பிள்ளைகள் சொன்னார்கள், பல்லி சொன்னது. அவள்தான் வாலைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு நாள் கரட்டுக்கு ஓடினாள். முளைத்த வாலில் முள் இருக்காது. எத்தனை வருடம் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னாள்.

நூற்றுப் பன்னிரண்டாம் ஜாடியை எடுத்து முன்னால் வைத்தாள். இந்தத் தடவை லேபிளைப் படித்தாள், வால் மறுவளர்ச்சி, வீட்டுப் பல்லி என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. அன்று மாலை ஐந்து பத்துக்காவது எழுதியிருக்கலாம். அப்போது அவன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் போயிருப்பான், போனில் சார்ஜ் ஒரு கோடு இருந்திருக்கும், இல்லாமலும் இருந்திருக்கும், அதை இனி யாரிடம் கேட்பது. எங்கே இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று பதினொரு முறை எழுதினாள். வாசலில் நின்று கேட்டவனிடம் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். மஞ்சப்பை நாற்காலியில் அப்படியே இருந்தது. இனி அதை எடுத்துக்கொண்டு எந்தப் பஸ்ஸில் ஏறுவது, எல்லா ஊரிலும் இந்தப் பல்லி இருக்கிறது, எல்லாச் சுவரிலும் இருக்கிறது. கண்ணைத் துடைக்காமல் போனை எடுத்தாள். பதினொரு செய்திக்கும் மேலே, அந்தப் படத்தைத் தொட்டு, அதற்குப் பதிலாக எழுதினாள். வீட்டுப் பல்லி. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்பினாள். மணி நான்கு ஐந்து. ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு, கால் நகராமல் இருக்க மேசையைப் பிடித்தபடி, அவள் அங்கேயே நின்றாள்.